செத்தவளுக்குப் புரிகிற பாஷையில்

எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு நிற்கும்போதே டீச்சர் என்னிடம், "நீ வாயை மட்டும் அசைம்மா" என்று கேட்டுக்கொண்டதுண்டு. அப்படிப்பட்ட என்னைக் கொல்கத்தாவில் ஒருத்தி பின்பாட்டுக்கு நிறுத்தினாள் என்றால், மதுரையில் என் தங்கைகள் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவளுக்குப் பின்னால் நின்று நான் கத்தியதை ஜாதவ்பூரில் ஒரு மைதானமே கேட்டிருக்கிறது. என் தங்கைகள் பாடி அவர்கள் வீட்டுக் குக்கரைத் தவிர யார் கேட்டார்கள்?

அவள் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மத்திய அரசின் கணக்கு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு பிடித்த புதிது. நல்ல தையல்காரி யாரென்று காபிப்பொடிக் கடை அம்மாளிடம் கேட்டேன். வழி சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லாத் தைப்பா. ஆனா நல்ல காரியத்துக்கு அவகிட்டக் குடுத்துடாதீங்கோ" என்றார். ஏனென்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்தி, "ஒப்பாரி பாடறவ" என்றார். எனக்கு அப்போதே போகவேண்டும் போலிருந்தது. யாராவது ஒன்றை வேண்டாம் என்றால் அதைச் செய்து பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

போனபோது அவள் காலால் மிதிக்கிற பழைய தையல் மிஷினில் குனிந்து, தைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். சந்துப் பக்கமாகத் திறந்த ஒற்றை அறை. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். நிமிர்ந்து பார்க்காமலே கையைக் காட்டி, "உக்காரு. இவளைக் கொண்டு விட்டுட்டு வாரேன்" என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தேன். அறையில் வேறு ஆள் இல்லை. பாட்டில் இருந்த பெண்ணைச் சொல்லியிருக்கிறாள். கடைசி அடியைப் பாடி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் எனக்கு அளவெடுத்தாள்.

அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிதிர்பூர் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். துறைமுகத் தமிழ்க் குடும்பங்களில் சாவு விழுந்தால் அவளுடைய அம்மாவுக்குத்தான் ஆள் வரும். ராகம் அம்மாவிடமிருந்து வந்தது. வார்த்தைகளை அவளே கட்டினாள். அம்மாவின் பாட்டில் செத்தவர்கள் எல்லாரும் தங்கமும் தேருமாக இருந்தார்கள். மகளின் பாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. "எங்கம்மை செத்தவளைப் புகழ்ந்தா. நான் இருக்கிறவன்கிட்ட கேள்வி கேக்கேன்" என்பாள்.

கேட்டாள். டெங்குவில் செத்தவளுக்காக, கொசு முட்டையிட்ட தண்ணீர் யார் வீட்டு மாடியில் நின்றது என்று கேட்டாள். சாக்கடைக் குழிக்குள் இறங்கி மேலே வராதவனுக்காக, மூடியைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போன மேஸ்திரியைக் கேட்டாள். செத்தவர் வீட்டு வாசலில்தான் முதலில் பாடுவாள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டிலும் சங்கக் கூட்டங்களிலும் பல்கலைக்கழக மைதானத்திலும் பாடுவாள். ஜாதவ்பூர் மாணவர்கள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதைப் போராட்டப் பாடல் என்று ஒரு பையன் மேடையில் அறிமுகம் செய்தபோது மைக்கைப் பிடுங்கிவிட்டாள். "போராட்டமும் இல்ல, கீராட்டமும் இல்ல. ஒருத்தன் செத்துப்போனான். யாரு கொன்னான்னு அவங்கம்மை கேக்க வேண்டியதை நான் கேக்கேன்" என்று வங்காளியில் சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள். அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

எந்தப் பாஷையில் பாட வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. செத்தவருக்குப் புரிகிற பாஷையில்தான் அழ வேண்டும். தமிழர் செத்தால் தமிழ், வங்காளி செத்தால் வங்காளி. பீகாரிலிருந்து வந்து கைரிக்ஷா இழுத்த ஒரு கிழவருக்காக, மீன் வண்டிக்காரன் ஒருவனிடம் உட்கார்ந்து போஜ்புரி கற்றுக்கொண்டாள். "தப்புத்தப்பா இருந்ததே அக்கா" என்று நான் சொன்னபோது, "அந்தாளுக்கு வங்காளியும் தப்புத்தப்பாத்தான் வந்துச்சு. நான் பதில் மரியாதை பண்ணிட்டேன்" என்றாள். ஆனால் எந்தப் பாஷையானாலும் ராகம் நம்முடைய ஒப்பாரிதான். வங்காளிக் காதுக்கு அது இனிமையான நாட்டுப்பாடல். தமிழ்க் காதுக்கு அது சாவு வீடு.

இதனால் வந்த வேடிக்கைகள் கொஞ்சமல்ல. அவளிடம் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஒரு வங்காளி அம்மாள், மகளின் மஞ்சள் பூசும் சடங்கில் வந்து அந்த அழகான பாட்டைப் பாடியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷிமா, உங்க மக நூறு வருசம் நல்லா இருக்கட்டும். அதுக்கப்புறம் கட்டாயம் வந்து பாடுதேன்" என்றாள். அவர் சந்தோஷமாக இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். நம்மவர்கள் வேறு மாதிரி. பொங்கல் விழாவுக்கு அவளை அழைத்துவிட்டு, "மங்களகரமா ரெண்டு பாட்டு போதும்" என்றார்கள். "மங்களத்துக்கு என்னை ஏன்ல கூப்பிட்டிய?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பெரிய ஓட்டல்காரர் ஒருவரின் அப்பா இறந்தபோது ஆள் அனுப்பினார்கள். "அவரு கடையில வேலை பாத்தவிய யாராவது அழுதாவளா?" என்று விசாரித்தாள். யாரும் அழவில்லை என்று தெரிந்ததும் காலை மறுபடி மிஷினில் வைத்துவிட்டாள்.

ஒரு ஸ்டுடியோவிலும் அவளைப் பதிவு செய்யப் பார்த்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். தாளத்துக்காகக் காதுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் வைத்தார்கள். "எவன்ட்டி இவன், காதுக்குள்ள உக்காந்து நாக்கைச் சப்புக் கொட்டுதான்?" என்று கழற்றிப் போட்டாள். அதையாவது சமாளித்திருக்கலாம். பாட்டு நடுவில் அவள் குரல் உடைந்த இடம் பதிவாளருக்குப் பிடித்துவிட்டது. அதே மாதிரி இன்னொரு தடவை பாடுங்கள், மைக் சரியாக வாங்கவில்லை என்றார். "அவ ஒரு தடவைதான செத்தா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். அதனால் அவள் பாட்டுகளுக்கு ஒழுங்கான பதிவு என்று எதுவும் இல்லை. ஆட்டோ ஹாரனும் நாய் குரைப்பும் கலந்த செல்போன் வீடியோக்கள்தான் ஊரெல்லாம் சுற்றின.

அவளுக்குத் தாளம் தையல் மிஷின்தான். ஜாக்கெட்டின் ஒரு கைக்கு ஓரம் அடிக்கிற நேரம் பாட்டில் ஒரு அடி. ஓரம் முடிந்ததும் மிதிப்பதை நிறுத்தித் துணியைத் திருப்புவாள். அந்த நேரத்துக்குப் பாட்டிலும் ஒரு வெற்றிடம் விட்டிருப்பாள். மேடையில் மிஷின் இல்லாதபோதும் அந்த இடம் அப்படியே இருக்கும். அழுகிறவள் மூச்சு வாங்குகிற இடம் அது. அப்போது பக்கத்தில் இருப்பவள் செத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் நான். சங்கீதம் கற்ற பெண்கள் வந்து பார்த்தார்கள். எல்லாரும் பெயரை இழுத்துக் குழைத்துப் பாடினார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜாக்கெட் வாங்கப் போன என்னைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்குப் பாட வராதுக்கா" என்றேன். "அதான் வேணும். பாடாத, கூப்பிடு" என்றாள். அலுவலகத்தில் பேச்சு வந்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகளை எனக்கு நினைவுபடுத்தினார்கள். ஒப்பாரியில் பெயர் சொல்லக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். தேடிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அவள் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. வங்காளத்து நாட்டுப்பாடகர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரைச் சேர்த்துப் பாடுவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று ஒரு மாணவி சொன்னாள். "என் பாட்டுல பேரு வந்தா ஆளு செத்தாச்சுன்னு அர்த்தம். நான் இருக்கேன்லா?" என்று சிரித்தாள். அதனால் நானும் எழுதவில்லை. அவள் இருக்கட்டும்.

மாலதியின் பெயரை எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

மாலதி அவளுக்குக் கைவேலை செய்து கொடுத்தவள். ஹெம்மிங் பண்ணுவது, கொக்கி வைப்பது. தினமும் கேனிங் லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் காளிகாட் வருவாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பாட்டு வெற்றிடத்துக்கு வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு, யார் பெயரோ அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வாள். உண்மையில் முதல் பின்பாட்டுக்காரி அவள்தான். நான் பிறகு வந்தவள்.

ஒரு மழைநாள் மத்தியானம், கொக்கி தீர்ந்துவிட்டதென்று மூலைக் கடைக்குப் போனாள். திரும்பும்போது மழை வலுத்தது. சந்தில் ஒரு பழைய வீட்டை ப்ரொமோட்டர் இடித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பழைய வீட்டை வாங்கி அடுக்குமாடி கட்டுகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். வலை கட்டவில்லை, தடுப்பு வைக்கவில்லை, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. மாலதி அந்த வீட்டு பால்கனிக்குக் கீழே ஒதுங்கினாள். பால்கனி அவள்மேல் விழுந்தது.

மறுநாள் காலையில் அங்கே ஒரு பலகை தொங்கியது. ஆபத்தான கட்டடம், விலகிச் செல்லவும். புது ஆணி பளபளத்தது. சந்தில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கே ப்ரொமோட்டரின் ஆட்களும் சந்தில் பூஜை நடத்துகிற க்ளப்காரர்களும் சேர்ந்து ஒரு கதை சொன்னார்கள். பலகை முன்பே இருந்தது, அவள்தான் கவனிக்கவில்லை. க்ளப்பின் துர்க்கா பூஜைக்குத் தலைவர் அந்த ப்ரொமோட்டர். பாதி வீடுகளுக்கு அவர் விலை பேசி வைத்திருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மாலதியின் கணவர் சைக்கிள் வேன் மிதிக்கிறவர். "உன் பெண்டாட்டி பார்த்து நடந்திருக்கக் கூடாதா?" என்று அவரிடமே கேட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உடலை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்று ரயிலில் கூட வரும் பெண்கள் சொன்னார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கி எறியப் போனேன். "அதை எடுக்காதட்டி. பாட்டுல வேணும்" என்று தடுத்தாள். வங்காளியில் கட்டினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஊசி இங்கே கிடக்குதடி, விரலை எங்கே வச்சே?
கொக்கி பாதி தச்சிருக்கே, மீதி யாருக்கு வச்சே?
மழைக்கு நீ ஒதுங்கி நின்னே, மாடி இறங்கி வந்ததடி.
நேத்து இல்லாத பலகை ஒண்ணு இன்னைக்கு ஏது சொல்லடி?

ஒவ்வொரு அடி முடிவிலும் வெற்றிடம். அங்கே, "மாலதி!"

அவள் கட்டியதிலேயே அதுதான் பெரிதாகப் பரவியது. சந்தில் நடந்தது ஒரு இடத்திலாவது சொல்லப்பட்டது என்றால் அது அந்தப் பாட்டில் மட்டும்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அதிலிருந்து ஒரு எழுத்தை எடுத்தாலும் மாலதி பார்க்காமல் நடந்தவளாகிவிடுவாள்.

பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது க்ளப் செயலாளர் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர், பாட்டுப் பிரியர். மண் குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, நாங்களும் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கொல்கத்தாவில் ஒவ்வொரு பூஜைப் பந்தலுக்கும் ஒரு கருப்பொருள் வைப்பார்கள். அதற்கென்று ஒரு பாட்டும் செய்து, பூஜை நாள் முழுவதும் பந்தலுக்குள் ஓட விடுவார்கள். இந்த வருடம் அவர்கள் கருப்பொருள், மறைந்துவரும் பழைய வீடுகள். பழைய வீடுகளை மறைய வைக்கிறவரே தலைவராக இருந்து இதைத் தேர்ந்தெடுத்தார். நான் சிரித்துவிட்டேன். செயலாளர் சிரிக்கவில்லை.

"உங்க பாட்டைக் கேட்டு அழுதுட்டேன் தீதி. எங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். "ரெண்டே ரெண்டு சின்ன மாற்றம். அந்தப் பலகை வரி வேண்டாம். அப்புறம் அந்தப் பேரு வர்ற இடத்துல 'மா கோ'ன்னு வச்சுக்கலாம். அம்மான்னு துர்க்கையைக் கூப்பிடற மாதிரி. எவ்வளவு உயரத்துக்குப் போயிடும் பாருங்க."

"மாலதியை எடுத்துட்டு அம்மாவை வைக்கச் சொல்லுதீங்க?"

"ஆமா. அவ எல்லாருக்கும் அம்மாதானே."

"அப்ப உங்க அம்மா செத்துட்டாளா?"

செயலாளரின் குவளை வாய்க்குப் போகாமல் நின்றது. இது செத்தவர்களுக்கு மட்டும் பாடுகிற ராகம், வருகிற சாமிக்கு இதைப் பாட முடியாது என்று அவள் பொறுமையாகவே விளக்கினாள். அவர் நம்பவில்லை. ராகத்துக்கு என்ன தெரியும் தீதி என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். இந்த வீட்டையும் சீக்கிரம் இடித்துக் கட்டப் போகிறார்கள், தலைவரிடம் சொன்னால் புதுக் கட்டடத்தில் சாலையைப் பார்த்த கடையாகவே கொடுப்பார், இல்லையென்றால் யார் எங்கே போவார்களோ தெரியாது என்றார். மிரட்டலைக்கூட மரியாதையாகச் செய்கிற ஊர் அது.

"மாலதிக்குப் பதிலா எனக்குக் கடை வேண்டாம்" என்றாள் அவள். "பாட்டைத் தர மாட்டேன். பேரையும் எடுக்க மாட்டேன். தேநீர் நல்லா இருந்துச்சு."

அறை போனது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூஜை முடிந்த கையோடு காலி பண்ணச் சொன்னார்கள். மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு கரியா பக்கம் போய்விட்டாள். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அவ்வளவு தூரம் வரவில்லை. இது நடக்கும் என்று தெரிந்துதான் அன்றைக்கு அப்படிப் பேசினாள். அவள்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தில் பாதி அந்த ஒரு மத்தியானத்தில் வந்தது.

அவள் தரவில்லையே தவிர அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டுதான் ஊரெல்லாம் போனில் சுற்றுகிறதே. தேர்ந்த பாடகி ஒருத்தியை வைத்து, வார்த்தைகளை மாற்றி, ஊசி இருந்த இடத்தில் பூவை வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். பந்தல் திறந்த சஷ்டி அன்று காபிப்பொடிக் கடை அம்மாள் எனக்குப் போன் செய்து, மூச்சு வாங்க, "அக்கிரமத்தைக் கேளுங்கோ! பட்டுப்புடவை கட்டிண்டு குழந்தைகளை அழைச்சிண்டு பந்தல் பார்க்கப் போனா, அம்பாளுக்கு முன்னாடி ஒப்பாரி போடறான்! வாசலோட திரும்பிட்டோம்" என்றார். அந்தப் பந்தலில் விஷயம் புரிந்து நடந்துகொண்டவர்கள் லேக் மார்க்கெட் மாமிகள்தான்.

சப்தமி அன்று சாயங்காலம் அவளும் நானும் போனோம். வரிசையில் நின்றோம். பந்தலைப் பழைய வீடாகவே செய்திருந்தார்கள். பச்சை ஜன்னல்கள், காரை பெயர்ந்த சுவர், எல்லாம் அச்சு அசல். வரிசை நகர்ந்து உள்ளே திரும்பியது. தெர்மோகோலில் ஒரு பால்கனி செய்து, பார்க்க வருகிறவர்கள் தலைக்கு மேலே சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுதாக ஒரு சுற்று கேட்டாள். வெற்றிடங்களில் "மா கோ" என்று பாடகி லேசாக ஒரு தடவை சொன்னாள், மீதி இடத்தில் ஒரு புல்லாங்குழல் ஊதியது. அடைத்தாலும் அந்த இடம் அடையவில்லை.

"எடத்தை விட்டுதான் வச்சிருக்கான்" என்றாள் என் காதில். "திருடினவனுக்கு அதை என்ன செய்யன்னு தெரியல. கூப்பிடுட்டி."

"இங்கேயா?"

"பின்ன எங்க?"

அடி முடிந்தது. நான் கூப்பிட்டேன். "மாலதி!"

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த அடிக்கு அவளும் சேர்ந்தாள். எங்களுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள், அந்தச் சந்து வீடுகளில் வேலை செய்கிறவர்கள், மாலதியோடு ஒரே ரயிலில் வந்தவர்கள், பூஜை பார்க்க வந்திருந்தார்கள். மூன்றாவது அடிக்கு அவர்கள் சேர்ந்தார்கள். பிறகு நடந்ததை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. வரிசையில் இருந்த வெளியூர்க்காரர்கள் இதைப் பந்தலின் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். பாட்டு நிற்கிற இடத்தில் பார்வையாளர்கள் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, புதுமையாக இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார்கள். மாலதி! குழந்தைகள் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு கத்தின. மாலதி! விசிலோடு நின்ற க்ளப் இளைஞன் ஒருவனே போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தான். என்ன பெயர் என்று காதில் வாங்காமல், கூட்டம் கூடுவதை மட்டும் பார்த்துச் செயலாளருக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான் என்று கேள்வி.

மறுநாள் அஷ்டமி. அந்த வீடியோ ராத்திரியோடு ஊரெல்லாம் சுற்றியிருந்தது, மத்தியானமே வரிசை சந்துமுனையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்கள் மாலதியின் கணவரைக் கூட்டி வந்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. எங்களுக்கு நேர் பின்னால் நின்றார். அக்கா அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவரும் அசைத்தார். பந்தலுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முன்னாலும் பின்னாலும் அந்தப் பெயர் எழுந்து எழுந்து அடங்கியது. அவர் வாயைத் திறக்கவில்லை. தெர்மோகோல் பால்கனி கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை தேங்கியது.

மேடையில் ப்ரொமோட்டர் விருந்தினர்களோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவர் வரவில்லை. மேடையில் இருந்த பெரிய மனிதர்களில் அந்தப் பெயர் யாருடையது என்று உடனே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னார். பாட்டு நின்றது.

நின்றதே தவிர, கூட்டத்துக்கு அது தெரியவில்லை. அடுத்த வெற்றிடம் எப்போது வருமென்று அவர்களுக்குப் பழகியிருந்தது. அந்த நேரத்துக்குச் சரியாக, பாட்டே இல்லாமல், சாலை வரைக்கும் எழுந்தது: மாலதி! செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தீதி, என்ன பண்றீங்க? எங்க பாட்டுல அந்தப் பேரே இல்லையே!"

"இல்ல" என்றாள் அவள். "அதான் நாங்க சொல்ல வேண்டியிருக்கு."

அதற்குள் கூட்டத்தின் சத்தம் மெல்லக் குறைந்தது. பாட்டு இல்லாமல் எத்தனை நேரம்தான் கூப்பிடுவார்கள்? எனக்குப் பதறியது. இதோடு அடங்கிப்போய்விடும், எல்லாரும் படமெடுத்துக்கொண்டு அடுத்த பந்தலுக்குப் போய்விடுவார்கள். மூச்சை இழுத்து, கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"சும்மா இரு" என்றாள்.

அதுவரை அவள் என்னைச் சும்மா இரு என்று சொன்னதே கிடையாது. அவள் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பினேன். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு மனிதர், கழுத்தில் கேமரா தொங்க, பக்கத்தில் நின்றவரின் தோளைத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் கேட்கணும்னு இருந்தேன். யாருங்க இந்த மாலதி? துர்க்கையோட இன்னொரு பேரா?"

அவர் கேட்டது யாரிடம் என்று அவருக்குத் தெரியாது. மாலதியின் கணவர் அவரைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். எத்தனையோ நாளாகப் பேசாத தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டார்.

"என் பெண்டாட்டி" என்றார்.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. எந்த வீடு, எந்த பால்கனி, எவ்வளவு மழை, அன்றைக்கு அங்கே பலகை இல்லை, மறுநாள்தான் வந்தது என்று எல்லாவற்றையும் கையை நீட்டிக் காட்டிக் காட்டிச் சொன்னார். கேமராக்காரரின் மனைவி பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் தங்களுக்குப் பின்னால் சொன்னார்கள். தொண்டர்கள் விசில் ஊதி, முன்னே போங்கள், முன்னே போங்கள் என்று விரட்டினார்கள். எங்களுக்கு முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. ஒருவரும் நகரவில்லை.